பிஸ்கட் டப்பாவில் இருந்த மெடல்கள்

நவம்பர் 1, சனி

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. விடைத்தாள் கட்டு ஒன்று பாக்கி. மாடிக் குழாய் ஒழுகுகிறது.

பத்து மணிக்கு உல்ரிகேயிடமிருந்து போன். ரமணாசிரமத்துக்குப் பின்னால் இருபது வருடமாக வாடகைக்கு இருக்கும் ஜெர்மன் அம்மாள். வயது எழுபத்து நான்கு. இனி உ. என்று எழுதுகிறேன். அவருடைய தமிழ் முழுவதும் வீட்டு வேலை செய்யும் முனியம்மாவிடம் கற்றது.

"சார், நான் ஊருக்கே போயிட்றேன். புதன்கெழம காரு. எங்கப்பா மெடலு கீது. நீ வந்து பாரு."

வரலாறு நடத்துகிறவனை இந்த ஊரில் 'நீ' என்று கூப்பிடும் ஒரே ஆள்.

நான் இரண்டாம் உலகப்போர் காலத்து ஜெர்மன் மெடல் சேர்ப்பது அவருக்கு மூன்று வருடமாகத் தெரியும். ஒருநாளும் மூச்சு விட்டதில்லை. இப்போது ஏன்?

செங்கம் ரோட்டில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் குமரவேல் நேற்று அங்கே கட்டில் விலை பேசப் போனதாகக் கேள்வி. என் பழைய மாணவன். போன வருடம் இரும்புச் சிலுவை என்கிற வீர மெடல் ஒன்றை என் தலையில் கட்டியவன். அசலில் நடுத்தகடு இரும்பு. அவன் கொடுத்ததில் காந்தம் ஒட்டவில்லை. போய்க் கேட்டதற்கு, "நீங்கதான சார் வாத்தியாரு, நானா?" என்று சிரித்தான்.

அவன் அங்கே போனதையும் இந்தப் போனையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

மழை இல்லை. புழுக்கம். குழாய்க்காரன் வரவில்லை.

மெடல் பீரோவைத் திறந்து வைத்திருந்தேன். மனைவி விமலா காபியோடு வந்து நின்றாள். "கொலகாரப் பசங்க குத்திக்கினது. அத என்னமோ தங்கம் மாதிரி பூட்டி வெச்சிக்கிறீங்க. எம் பொண்ணு ஃப்ரெண்டு யாரையும் வீட்டுக்குக் கூட்டியாற மாட்டேங்கறா."

கொலைகாரக் கூட்டம்தான். நான் எங்கே இல்லை என்றேன்? ஆனால் அந்தக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒரு மெடல் வைத்திருந்தது. எந்தப் போர்முனை, எத்தனை வருட வேலை, எத்தனை காயம். அந்த மெடல்களை ரிப்பனோடு ஒரே தகட்டில் வரிசையாகத் தைத்து மார்பில் குத்திக்கொள்வார்கள். மெடல் பார் என்று பெயர். பிற்பாடு வீட்டில் என்ன கதை விட்டாலும், அந்தப் பார் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு வேண்டியது அதுதான். எங்கள் கல்லூரியில் தாளாளரின் மைத்துனன் மகன் துறைத்தலைவர் ஆனானே, அவனை எது காட்டிக்கொடுத்தது?

நாளைக்கு: காந்தம், லென்ஸ், புற ஊதா டார்ச் (பேட்டரி மாற்ற வேண்டும்).

நவம்பர் 3, திங்கள்

மதியம் வகுப்பு இல்லை. உ. வீட்டுக்குப் போனேன். கூடமெல்லாம் அட்டைப்பெட்டி. கட்டில் ஏற்கெனவே காணோம்.

உ. ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறக்காமலே நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே மூன்று மெடல் கொண்ட ஒரு பார். இரும்புச் சிலுவை. நெடுநாள் பணி மெடல். மூன்றாவது, ரஷ்யப் போர்முனையில் முதல் குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்குக் கொடுத்தது. மூன்றும் பளபள. ரிப்பன் போன வாரம் வாங்கியது போல. எண்பது வருடத்துப் பொருள் இப்படியா இருக்கும்?

கதவைச் சாத்தி டார்ச் அடித்தேன். அந்தக் காலத்து நூல் அந்த ஒளியில் இருண்டு கிடக்கும். பின்னால் வந்ததுதான் ஒளிரும். இது ட்யூப்லைட் மாதிரி எரிந்தது. காந்தத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"இது போலி. யாரு குடுத்தாங்க? குமரவேலா?"

"இன்னா போலி?"

"டூப்ளிகேட். சண்டைக்கு அப்புறம் நெய்த ரிப்பன். இத எந்த சோல்ஜரும் போட்டிருக்க முடியாது."

மாட்டிக்கொண்ட முகத்தை எதிர்பார்த்தேன். உ. பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"நெசமாவா சார்? எங்கப்பா போட்டது இல்லியா?"

அழுகை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிறகு சொன்னார். அவருடைய அப்பா, சண்டை முழுக்க பிரான்சில் பட்டாளத்து ரொட்டிக்கூடத்தில் இருந்ததாகத்தான் சொல்வாராம். செத்த பிறகு இந்த டப்பா கிடைத்தது. அந்தக் குளிர்காலத்தில் ரஷ்யக் கிராமங்களில் அந்தப் பட்டாளம் என்ன செய்தது என்று உ. தேடித்தேடிப் படித்திருக்கிறார்.

"அங்க இருந்தாரா, இருந்தா இன்னா பண்ணாருன்னு முப்பது வருசமா மண்டையில இதான் சார். கல்லறைக்குக்கூட போவல. வயசான காலத்துல சந்தையில கண்டதயும் வாங்குவாரு. இதயும் சும்மா பெருமைக்கு வாங்கிகிறாரு! நீ சொல்லலன்னா தெரியாமலே போயிருக்கும்."

சிரிப்பும் அழுகையுமாக மூக்கைச் சிந்தினார். "பொய்யி தான? நீயே வெச்சிக்கோ."

போலிக்கு ஒரு உதாரணமாக இருக்கட்டும் என்று எடுத்து வந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

ரேஷன் கடை. துவரம் பருப்பு வரவில்லையாம். வந்து எங்கே போனதோ.

வரிசையில் எனக்கு முன்னால் முனியம்மா. அதுவாகவே பேச்சை எடுத்தது. "அந்த மெடலு உங்களுக்கா குடுத்துட்டாங்க? அய்ய, அம்மா ஊருக்கு எடுத்துனு போவாங்கன்னு நெனச்சி இல்ல கழுவினேன்!"

"என்ன கழுவின?"

"கருப்பு புடிச்சி நாத்தமா கெடந்துச்சி சார். ஞாயித்துக்கெழம சோப்புத்தூளு ஜாஸ்தியாப் போட்டு ஊற வெச்சேன். அப்பறம் புளி போட்டு ஒரு தேய். காமாட்சி வெளக்கு கணக்கா ஆயிடுச்சி இல்ல?"

பையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

துணி வெள்ளையாகத் தெரிய சோப்புத்தூளில் ஒரு சரக்கு கலக்கிறார்கள். அது பட்டால் எந்தப் பழைய நூலும் டார்ச்சில் ஒளிரும். எனக்கு இது பத்து வருடமாகத் தெரியும். நேற்று ஞாபகம் வரவில்லை. குமரவேல்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

சிலுவையில் காந்தம் கப்பென்று ஒட்டியது. ரிப்பனில் ஒரு இழை பிய்த்துப் பொசுக்கினேன். காகிதம் எரியும் வாசனை, பிற்காலத்து நைலான் இல்லை. வளையத்தில் லென்ஸுக்கு மட்டும் தெரியும் பட்டறை எண். பின்னால் கைத்தையல்.

அசல். இதுவரை என் கைக்கு வந்ததிலேயே அசலானது. அப்பா ரஷ்யாவில்தான் இருந்திருக்கிறார். ரொட்டி போட்டதற்கு இரும்புச் சிலுவை கொடுப்பதில்லை.

விமலாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "வயசான அம்மா நிம்மதியா போவட்டும்னு சொல்லாம இருக்கப் போறீங்களா? இல்ல, அது பீரோவுல இருக்கணும்னா?"

இரவு சாப்பிடவில்லை.

நவம்பர் 5, புதன். பௌர்ணமி

வெயில். காலை ஆறு மணிக்கே கிரிவலக் கூட்டம். ரோட்டை அடைப்பதற்குள் கார் கிளம்ப வேண்டும் என்று உ. திங்களன்றே சொல்லியிருந்தார். பாரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். சொல்லிவிடுவது, கொடுத்துவிடுவது. வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்தேன்.

டிரைவர் டிக்கியில் பெட்டியைத் திணித்துக்கொண்டிருந்தான். முனியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாத்தர போட்டியாம்மா? போட்டியா?" என்று நாலு முறை கேட்டது.

உ. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்குப் போயி மொத வேல, அப்பா கல்லற. பூ வெக்கணும் சார். ஒரு தடவகூட வெச்சதில்ல."

"ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"சொல்லு."

கான்ஸ்டபிள் தடுப்பை இழுத்துக்கொண்டு வந்தார். "யோவ், வண்டிய எடுக்கிறியா, ராத்திரி வரைக்கும் இங்கயே கெடக்கிறியா?"

உ. இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் ஐயப்படாத பார்வை. என்னை யாரும் அப்படிப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று.

"பாத்துப் போங்க," என்றேன்.

"வர்றேன் சார்."

கார் கூட்டத்துக்குள் நுழைந்து போயிற்று. நான் சட்டைப்பையை அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தேன் போலிருக்கிறது.

முனியம்மா கிட்டே வந்து பார்த்தது. "இன்னா சார், நெஞ்சு வலியா?"

இல்லை என்றேன்.