மணலில் விட்டுவந்த ஒன்பது பூக்கள்

சிராகூசா, ஆகஸ்ட் 12

அன்புள்ள கலோஜெரோ, உங்கள் மனைவி குரோச்சிபீசா எழுதுவது.

நேற்று இயற்கைக் காப்பகக் கடற்கரையில் இருந்தது நானும், நான் பார்த்துக்கொள்ளும் அசுந்தா அம்மாவும், காவலர் நுன்சியோவும்தான். உங்கள் கண் அறுவைச் சிகிச்சைக்காக, மணலில் பூக்கும் கடல் அல்லிகள் ஒன்பதை மாதாவுக்கு நேர்ந்திருந்தேன். பறிக்கக் குனிந்ததும் காவலர் கத்தினார்:

"யம்மா, பறிக்காதீங்க! இங்க ஒரு இலையக்கூடத் தொடக்கூடாது."

"மாதாவுக்குய்யா!"

"அவ மகன் வெச்ச பூதானே? அவளுக்கு இங்க வந்து பாத்துக்கத் தெரியாதா?"

அசுந்தா அம்மா சிரித்துவிட்டார். "மண்டி போடுடி, இங்கயே முடிச்சிரு."

மணலிலேயே முழந்தாளிட்டு, ஒவ்வொரு பூவின் முன்னும் மாதாவுக்கு ஒரு ஜெபம் சொன்னேன். ஒன்பதாவது பூவுக்கு வந்தபோது காவலரும் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

சமையலுக்கு நம் வீட்டு ஒரிகானோ இலை ஒரு பிடி அனுப்புங்கள். இங்கே வாங்குவதில் வாசனையே இல்லை. கண்கட்டை அவிழ்த்துவிட்டார்களா? பார்வை தெரிகிறதா? வேறு யாரையும் எழுதச் சொல்லாமல், கோணலானாலும் உங்கள் கையாலேயே சீக்கிரம் பதில் எழுதுங்கள்.