ஊரில் படிக்காத மகள்

என் கோபம் இன்னும் ஆறாத அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. படத்துக்கு அம்மா தினமும் பூ வைக்கிறார், நான் வைப்பதில்லை. அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உங்கள் கடைக்குட்டி கதிர், ஈசூனில் நம் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் கடையில் கூட்டாளிகளோடு திருடிப் பிடிபட்டான். பதினைந்து வயது. அதே வயதில்தான் நானும் பிடிபட்டேன். சிங்கப்பூரில் நம் குடும்பப் பெருமையைக் காப்பாற்ற எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நான் செய்தது தப்புதான். இரண்டாவது முறை திருடினேன், தடுத்த பெண்ணைப் பிடித்துத் தள்ளினேன். அதை உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் நன்னடத்தை அதிகாரி நம் வீட்டுக்கு வந்து, இவளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வீர்களா, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டாரே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"நோ மேடம். டூ நாட்டி லா. யூ கீப், யூ டீச்."

அந்த அதிகாரி அதை அப்படியே அறிக்கையில் எழுதிக்கொண்டார். நான் ஒரு வருடம் சிறுமியர் சீர்திருத்த இல்லத்தில் இருந்தேன்.

நீங்கள் போன பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார். "மரியாதைக்குச் சொன்னாருடி. வாத்தியார்கிட்ட சொல்ற மாதிரி. நாம புள்ளைய திட்டினா, அவங்க 'பரவால்ல, நீங்களே பாத்துக்குங்க'ன்னு சொல்வாங்கன்னு நெனச்சாரு."

நம் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய அருமையான யோசனை. சரி, தெரியாமல் சொல்லிவிட்டீர்கள். இளையர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, "என் பிள்ளையை என்னிடம் கொடுங்கள்" என்று சொல்ல நாக்கு எங்கே போனது? இல்லத்தின் பார்வையாளர் நாளில் ஒரு தடவையாவது வந்தீர்களா? சிராங்கூன் சாலைக் கோயிலில் கேட்டவர்களிடம் எல்லாம், "செல்வி ஊர்ல அத்தை வீட்டுல படிக்கிறா" என்று சொன்னீர்கள். ஐந்து வயதுக் கதிரிடமும் அதையே சொன்னீர்கள்.

போன மாதம் கதிருக்காக ஒரு நன்னடத்தை அதிகாரி வந்தார். தமிழ்ப் பையன், சின்ன வயது. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்: "சார், இவன் யார் பேச்சும் கேக்க மாட்டான். நீங்களே வச்சு…"

"அம்மா, வாய மூடுங்க!" என்று கத்திவிட்டேன். "சார், அவன் எங்ககூடத்தான் இருப்பான். நாங்க பாத்துக்குவோம். இத மட்டும் எழுதிக்குங்க."

போன வியாழக்கிழமை நீதிமன்றத்தில் அம்மா உத்தரவாதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். கதிர் வீட்டுக்கு வந்துவிட்டான்.

எம்ஆர்டி ரயிலில் வரும்போது கேட்டான்: "அக்கா, இந்த கோர்ட் மேட்டரெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்? நீ அப்போ இந்தியாவுலதான இருந்த?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் ஈசூன் வரும்வரை என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

அப்பா, உங்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் வருடத் திதிக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். ஊரில் என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால், கதிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, நான் இருந்த இடத்தின் பெயரைச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஊருக்கே போகாத உங்கள் மூத்த மகள்,
கதிரின் அக்கா,
செல்வி