பாண்டியம்மாளின் குரல்

மே 5, செவ்வாய்
எட்டு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. கேஷுவாலிட்டியில் பயிற்சி போஸ்டிங், மூன்றாம் நாள். கோட் துவைக்கணும். பேனா, ஷாம்பூ வாங்கணும். அவசர சிகிச்சைத் தேர்வு மார்க் வந்துவிட்டது. வகுப்பில் நான்தான் முதல்!

மாலை
மூன்று தடவை சோப்பு போட்டும் கையில் மருந்து நாற்றம்.

பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலை, அறைக்குள் தீ. நான்கு பேர். டியூட்டி டாக்டர் ஒருவர்தான். மோசமான இருவரிடம் அவர். மற்ற இருவரை என்னைப் பார்க்கச் சொன்னார். ஓர் இளம்பெண், இரண்டு கையும் வெந்து ஒரே அலறல். அடுத்த கட்டிலில் பாண்டியம்மாள், நாற்பத்திரண்டு வயது. முகத்தில் லேசான தீக்காயம், மூக்கோரம் கரி. எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. அங்கன அந்தப் புள்ளையப் பாருங்க." கரகரத்த குரல்.

போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். டாக்டர் பாண்டியம்மாளைப் பற்றிக் கேட்டதற்கு, "நல்லா பேசுறாங்க சார்" என்றேன்.

பன்னிரண்டரைக்குப் பாண்டியம்மாளுக்கு மூச்சு இழுத்தது. தொண்டை உள்ளுக்குள் வீங்கி அடைத்துவிட்டது. டாக்டர் குழாய் செலுத்தப் பார்த்தார். போகவில்லை. கழுத்தில் துளையிட்டும்...
இறந்த நேரம் 1.10.

மே 6
விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது கேள்வி. முகத்தில் தீக்காயம், மூக்கில் கரி, கரகரத்த குரல்: முதலில் என்ன செய்வீர்கள்? என் கையெழுத்து: தொண்டை வீங்கும் முன் குழாய். முழு மார்க்.

அவருக்குக் குரலே அப்படித்தான் என்று நினைத்தேனா? அதுகூட நினைக்கவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். "நானும் ஒரு தடவை வந்து பாத்திருக்கணும்மா. சாப்பிட்டியா?"

அம்மா போன். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கிறாளாம். யாருக்காக என்று கேட்கவில்லை.

மே 7
தக்காளி சாதம், பாதி. டீக்கடைக்காரருக்குச் சளி. "எத்தன டீம்மா?" கரகரப்பு. அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மார்ச்சுவரி வாசலில் யாரோ: "ரெண்டு நாள்ல ஆலையத் தொறந்துருவாக. ஆர்டர் கெடக்குல்ல."

மே 8, வெள்ளி
பாண்டியம்மாளின் மகள் வந்தாள், இறப்புச் சான்றிதழ் வாங்க. கல்லூரி முதல் வருடம்.

"அம்மாகிட்டக் கடைசியாப் பேசுனது நீங்கதானாமே. என்னக்கா சொல்லுச்சு?"

சொன்னேன். கொஞ்சம் சிரித்தாள். "அது அப்படித்தான்."

அதோடு விட முடியவில்லை. "அம்மாவுக்கு எப்பவும் தொண்டை கட்டின மாதிரி இருக்குமா?"

"இல்லக்கா, கணீர்னு இருக்கும். கூப்பிட்டா தெருமுக்கு வரைக்கும் கேக்கும். ஏன் கேக்கீக?"

எல்லாம் சொல்லிவிட்டேன். அந்தக் கரகரப்புதான் அறிகுறி என்று. எனக்கு அது தெரியும் என்று. அப்போதே டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று.

அழவில்லை. காகிதங்களைப் பையில் வைத்து ஜிப்பை மூடினாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அந்தப் புள்ளையப் பாருங்கன்னு சொல்லுச்சுன்னீகளே. அது போதும்னு இருந்திருப்பேன். மிச்சத்தை எதுக்குக்கா எங்கிட்டச் சொன்னீக?"