தயாராகாத வண்டி

நவம்பர் 4
மன்னிக்கணும். எழுத எனக்கென்ன பெரிய விஷயம் இருக்கிறது? வாயால் சொல்ல முடியாததால் கல்லூரி ரெக்கார்டு நோட்டின் மிச்சப் பக்கங்களை வீணாக்குகிறேன்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய டாக்சி இன்று புகைப் பரிசோதனையில் மறுபடி தோற்றது. புகை சுத்தம்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகிய ஆள், "வண்டி தன்னைத்தானே இன்னும் செக் பண்ணி முடிக்கல. நல்லா ஓட்டிட்டு வாங்க" என்றார். பதினான்காம் தேதிக்குள் சான்று இல்லையென்றால், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேலை இன்னொரு டாக்சிக்காரர் தங்கராசுவின் வண்டிக்குப் போய்விடும். எங்களுக்கு வேறு நிரந்தர ஓட்டம் கிடையாது.

நவம்பர் 5
மெக்கானிக் வீரமணியின் பட்டறை. மூன்றாவது முறையாக அதே சென்சாரை மாற்றினான். புகையிலையைத் துப்பி, வாயைத் துடைத்த கையாலேயே எனக்கு டீ நீட்டினான். குடிக்கவில்லை.

"ஓட்டினா போதும்னு அங்க சொன்னாங்களே" என்றேன். இந்த நாலு வார்த்தையைப் பட்டறை வாசலிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"பி.எஸ்சி. படிச்ச புள்ள. வண்டிக்கே பாடம் எடுக்குது மாமா."

நைனாவும் சேர்ந்து சிரித்தார். டீயைவிட அதுதான் குமட்டியது.

நவம்பர் 7
போனில் தேடிப் படித்தேன். பழுதின் பதிவை அழித்துவிட்டால், வண்டியின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பாகத்தையும் புதிதாகச் சோதிக்குமாம். ஆறிய இன்ஜினோடு கிளம்பி, ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, இப்படிச் சில நாள். திண்டிவனம் ரோட்டில் தினமும்தானே ஓடுகிறது? பின் ஏன் முடியவில்லை?

நவம்பர் 8
பார்த்துவிட்டேன். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் நைனா பேட்டரி ஒயரைக் கழற்றினார். முன்பு ஓட்டிய பழைய வேனில் பேட்டரி இறங்கிப்போகும் என்று பழகியது; வீட்டைப் பூட்டுவது மாதிரி, தினமும். அதோடு வண்டி சோதித்ததெல்லாம் அழிந்துபோகிறது.

வீரமணிக்குத் தெரியாதா? ஒயரைக் கழற்றுவதால் ஒவ்வொரு முறையும் வண்டிக் கடிகாரம் தப்பு நேரம் காட்ட, அவன்தானே சிரித்துக்கொண்டே திருத்தி வைத்தான்! தெரிந்தே மூன்று சென்சார் விற்றிருக்கிறான். சீ. அந்த ஆளை மாமன் மச்சான் என்று கொண்டாடுகிறோம்.

நவம்பர் 9
பட்டறையில் வைத்துச் சொன்னால் நைனாவுக்கு அவமானம். சிங்கவரம் போகும் வழியில், நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது சொன்னேன்.

"இருவது வருசமா ஓட்றேன். நீ எனக்குச் சொல்றியா?"

அப்புறம் பேசவே இல்லை. ஆனால் சாயங்காலம் பானெட்டைத் திறக்கவும் இல்லை.

நவம்பர் 12
நான்காவது நாளாக ஒயர் அப்படியே இருக்கிறது. என்னோடு பேச்சும் அப்படியே.

நவம்பர் 13
பாஸ்.

நைனா நேராகப் பட்டறைக்கு விட்டார். "உன் கைராசிடா வீரமணி" என்று பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அவன் எண்ணெய் வழியத் தின்றுகொண்டே, "நான்தான் சொன்னேன்ல மாமா" என்றான். வண்டியைவிட்டு நான் இறங்கவில்லை. வேலை கையைவிட்டுப் போகவில்லை, சந்தோஷப்பட வேண்டும். அருவருப்புதான் வந்தது.

திரும்பும்போது, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டேன்.

"நைனா, ஒண்ணு கேக்கட்டா?"

"இன்னா?"

"கண்டுபுடிச்சது எம் பொண்ணுதான்னு அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லு நைனா."