இளம்பச்சைத் திரை

1954 ஜனவரி 11, திங்கள்

துறைமுகத்தில் கோதுமைக் கப்பல். டேலி கிளார்க் உத்தியோகம் என்றால் நாள் முழுக்க மூட்டைக்கு ஒரு கோடு போட்டு, தூசியை முழுங்குவது. தும்மிக்கொண்டே வீடு வந்தால், அக்கா ரஹீமுன்னிசா வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்து சட்டமாக உட்கார்ந்திருக்கிறாள். மகள் ரோஷனுக்கு இடம் பார்த்துவிட்டாளாம். காலஞ்சென்ற மச்சானுடைய அண்ணன் மகன் தமீம். கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை, சொந்த வீடு. மனைவி மவுத்தானதிலிருந்து என் மகளுக்கு நல்லது கெட்டது பார்ப்பவள் அக்காதான். நான் என்ன சொல்ல? தலையை ஆட்டிவைத்தேன்.

உடனே அடுத்த உத்தரவு. "மொதல்ல உள் ரூமுக்கு ஒரு தெரை வாங்கிப் போடு. அவுங்க வூட்டு ஆம்பளைங்க கூடத்துல குந்துவாங்க. பொண்ணு எங்க நிக்கும், உன் தல மேலயா?"

உண்மைதான். உள்ளறைக்கு நிலை உண்டு, கதவு கிடையாது. ஒரு பழைய போர்வை தொங்குகிறது. விருந்தாளிகள் பார்க்கிற மாதிரி இல்லை.

ஜனவரி 16, சனி

மின்ட் தெருவில் ஜவுளிக்கடைக்காரரிடம் மாதிரித் துண்டுகள் வாங்கி வந்து ரோஷன் முன்னால் பரப்பினேன். எது வேண்டுமோ எடு என்றேன். அக்கா அரக்கு நிறக் காடாத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கெட்டி, கௌரவம், அழுக்கு தெரியாது!

ரோஷன் மெல்லிய இளம்பச்சை வாயில் துணியை எடுத்தாள். "இது காத்து வுடும் அத்தா. உள்ள புழுக்கமா கீது."

"காத்து வுடும், கண்ணையும் வுடும்" என்றாள் அக்கா.

மகள் கேட்டதையே வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு எதிராக நான் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று! எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஜனவரி 17, ஞாயிறு

திரை மாட்டுவது லேசு என்று நினைத்தவனை என்ன சொல்வது. உப்புக் காற்றில் ஊறிய சுவர். ஆணி அடித்தால் சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டுகிறது. பக்கத்து வீட்டு உசேன் வந்து, ஓட்டையில் மரக்கட்டை செருகி, அதில் ஆணி இறக்கினான். கம்பி நின்றது. பித்தளை வளையங்களை ரோஷன்தான் தைத்துக் கோத்தாள். இழுத்துப் பார்த்தோம், ஓடியது. கடல் காற்றில் துணி அறைக்குள் உப்பிக்கொண்டு போனது. அழகுதான்.

அக்கா வந்து பார்த்து, "இது தெரையா, மீன் புடிக்கிற வலையா?" என்றாள்.

ஜனவரி 24, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். தமீம் மரியாதையாகப் பேசினான். அவன் தாயார் உள்ளே போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு, திரும்பும்போதே "எங்களுக்குத் திருப்தி" என்றார். தேதியும் குறித்தாயிற்று: பிப்ரவரி 21.

எல்லோரும் போனபிறகு ரோஷனைக் கேட்கலாம் என்று திரைக்கு வெளியே நின்றேன்.

"ரோஷன்."

"இன்னா அத்தா?"

"ஒண்ணுமில்ல... தண்ணி."

தண்ணீர் வந்தது. தாகமே இல்லாமல் ஒரு செம்பு குடித்தேன்.

பிப்ரவரி 3, புதன்

ரோஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை. கல்யாண வெட்கம் என்கிறாள், வேலைகளுக்கு வந்து தங்கியிருக்கும் அக்கா. வெட்கத்துக்குப் பசிக்காதா?

பிப்ரவரி 13, சனி

காலையில் பார்த்தேன், கண் இரண்டும் வீங்கியிருக்கிறது. அடுப்புப் புகையாம். அடுப்பு மூட்டினது அக்கா.

மனசு கேட்கவில்லை. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணை ஒரு வார்த்த கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். தலய குனிஞ்சிக்கினா. அதுக்கு மேல இன்னா வோணும், பத்திரத்துல கையெழுத்தா? பேஜாரு பண்ணாத தாவூது. தாயில்லாப் பொண்ணு, நல்ல எடம். நான் கெடுதல் பண்ணுவனா?"

மாட்டாள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் குனிந்த தலைக்கு ஒரே அர்த்தம்தானா? நானே போய்க் கேட்டால் என்ன? நாலடி தூரம். கேட்டு, அவள் வேறு பதில் சொல்லிவிட்டால்? பயம். அதுதான், பயந்தாங்கொள்ளித்தனம், வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 22, திங்கள்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நேற்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். அதற்குமுன் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுவர வேண்டும். கேட்க வேண்டியவன் நான். சாட்சிகள் இரண்டு பேர், உசேனும் மாப்பிள்ளை வீட்டு ஹுமாயூன் சாயபும். திரைக்கு இந்தப் பக்கம் நின்று, தரையைப் பார்த்தபடி கேட்பது வழக்கம். பெண் வாய் திறக்க வேண்டும் என்றுகூட இல்லை. தலையசைத்தால் போதும், பக்கத்தில் இருக்கிற பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

ஆண்கள் எல்லோரும் வெளியே பந்தலில். கூடம் இருட்டு. திரைக்கு அந்தப் பக்கம் பெண்களுக்காக வாடகைக்கு எடுத்த கேஸ் லைட் சீறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பெயர், மஹர் தொகை எல்லாம் சொல்லி, "சம்மதமாம்மா?" என்றேன். சத்தமில்லை. மறுபடியும் கேட்டேன்.

"சம்மதமாம், சம்மதமாம்!" அக்காவின் குரல்.

சாட்சிகள் திரும்பினார்கள். நானும் திரும்பியிருக்க வேண்டியவன். ஏன் நிமிர்ந்து பார்த்தேன் என்று தெரியவில்லை. மெல்லிய துணி, பின்னால் அத்தனை வெளிச்சம் — எல்லாம் நிழலாகத் தெரிந்தது. முக்காடு போட்ட என் மகளின் தலை. அதன்மேல் ஒரு கை. கை அழுத்துகிறது, தலை நிமிர்கிறது. மறுபடி அழுத்துகிறது. மறுபடி நிமிர்கிறது.

"கைய எடு அக்கா" என்றேன்.

"இன்னாடா உளர்ற?"

"கைய எடுன்றேன்!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நானே கேட்டதில்லை. உள்ளே வளையல் சத்தம்கூட நின்றுபோயிற்று. மூன்றாம் முறை கேட்டேன். "நீ சொல்லும்மா. வேற யாரும் பேச வேணாம்."

பிறகு சின்னக் குரலில், "வேணாம் அத்தா."

ஹுமாயூன் சாயபு என்னைப் பார்த்தார். உசேன் தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் பந்தலுக்குப் போய்ச் சொன்னேன்.

அதன்பிறகு நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. "எங்க புள்ள மேல இன்னா கொறை கண்டீங்க?" என்று தமீமின் தகப்பனார் கேட்டார். எனக்கே தெரியாது! "பொண்ணு வேணாம்னுது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். தமீம் தலையிலிருந்த மல்லிகைச் சரங்களைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனான். பாவம். பிரியாணி தேக்சாவைத் திறக்கவே இல்லை.

அக்கா கடைசியாகக் கிளம்பினாள். "செத்தாலும் உன் வூட்டு வாசப்படி மெரிக்க மாட்டேன்." அழுதுகொண்டே போனாள். தடுக்கப் போனேன், கையை உதறிவிட்டாள்.

பிப்ரவரி 25, வியாழன்

பள்ளிவாசலில் இரண்டு பேர் என் சலாமுக்குப் பதில் சொல்லவில்லை. தெருவே காரணம் கேட்கிறது. இன்று சாயங்காலம் திரைக்கு வெளியே நின்று, "ரோஷன், ஏம்மா வேணாம்னே? எனக்காவது சொல்லு" என்றேன்.

"வெளிய நின்னுக்கினே பேசுவீங்களா? உள்ள வாங்க அத்தா."

போனேன். பாயில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை மாதமாயிற்று இந்த முகத்தைச் சரியாகப் பார்த்து! என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "அவுரு நல்லவரா கெட்டவரா, எனக்கு இன்னா தெரியும்? தெரைக்கு இன்னா கலர் வோணும்னு அத்தினி துண்டு கொண்டாந்து காட்டினீங்க. இதுக்கு மட்டும் என்னை யாருமே கேக்கலியே அத்தா."

குத்தியது. நன்றாகவே குத்தியது. அழுதுவிட்டேன். அவள்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மார்ச் 7, ஞாயிறு

வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அக்கா கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருமல் சத்தம் கேட்டது.

மார்ச் 14, ஞாயிறு

மாத்தூரிலிருந்து ஒரு தரகர் வந்தார். இப்படி நடந்த பெண்ணுக்கு இனி இடம் அமைவதே கஷ்டம், இதை விட்டுவிடாதீர்கள் என்றார். மாப்பிள்ளைக்கு பேசின் பிரிட்ஜில் ரயில்வே வேலையாம். என் ஒரு வார்த்தை போதுமாம், மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம்.

அவரைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் ரோஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். "இப்ப வேணாம் அத்தா. கொஞ்ச நாள் போவட்டும்" என்றாள்.

வெளியே வந்து தரகரிடம் அதையே சொன்னேன்.