முகக்கவசம் இல்லாத அரை நிமிடம்

வாலுவின் அம்மாவுக்கு,

"மீசையை ஏன் எடுத்தீங்க?" என்று நேற்று கேட்டாய். நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அன்று காலை வாலுவின் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது. நர்ஸ் கதவில் ஒட்டிய எண்ணைப் பார்த்ததும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பா, உன் மீசை எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு," என்றாள் வாலு. முகக்கவசத்தைக் கழற்றினேன். அவள் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். அரை நிமிடம்கூட இருக்காது. முந்தின நாளிலிருந்தே சளியில் எனக்குத் தொண்டை கரகரத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல்.

"எண்ணிக்கை ஏறினா போதுமா சார்? இந்த ரத்தப் புற்றுநோய்ல அந்த அணுக்கள் கிருமியோட சரியா சண்டை போடாது. முகக்கவசத்தைக் கழற்றாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டோமே! வீட்ல யாருக்காவது சளியா?" என்றார் டாக்டர்.

"அவ அம்மாவுக்கு இருமல்," என்றேன்.

நீ அதை நம்பினாய். அவளுடைய காரியம் முடிந்து பத்து நாளாகியும் இருமும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாய்.

அவள் உன்னிடமும் முகத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சினாளே. கடைசி நாளில்கூட நீ முகக்கவசத்தைக் கழற்றவில்லை.

இப்படிக் கையெழுத்துப் போட இனி எனக்கு உரிமை உண்டா என்று தெரியாத,

வாலுவின் அப்பா