துடைத்த லென்ஸ்

நாம்தேமுன், சியோல்
2 அக்டோபர் 1996

கியோங்-ஆ அம்மாவுக்கு,

பண்டிகைக்கு வந்திருந்தபோது, நீ சந்தைக்குப் போன நேரத்தில் உன் ஸ்டுடியோ கேமராவின் லென்ஸைக் கழற்றித் துடைத்துவிட்டேன். போனில் சொல்லலாமென்றால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். உள்கண்ணாடி முழுக்கப் பனி படிந்தாற்போல மங்கல். என் பழைய கேமராக் கடைக்கு அப்படியொன்று வந்தால் பாதி விலைக்கு மேல் தரமாட்டேன். ஸ்பிரிட்டும் பஞ்சும் போதுமாயிருந்தது. இப்போது பளிங்கு மாதிரி இருக்கிறது. தனியாகக் கடை நடத்துகிறவளுக்குப் புருஷனாக என்னாலான உதவி.

நீ கட்டிக்கொடுத்த கிம்ச்சி தீர்ந்துவிட்டது.

பியோங்-மு

மோக்போ
9 அக்டோபர்

கியோங்-ஆ அப்பாவுக்கு,

கிம்ச்சி தீர்ந்தால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் பிழைப்பையல்லவா துடைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்கள் கல்யாணப் பெண்களா? நாளைக்குத் தங்கள் சாவு வீட்டில் வைப்பதற்கு, நடமாட்டம் இருக்கும்போதே பட்டுடுத்தி ஆயுள் படம் எடுத்துக்கொள்கிற கிழவிகள். அந்த மங்கல்தான் அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சத்தைத் தடவிக்கொடுக்கும். நேற்று மீன்கடை பாங் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டி ஓக்-நாம், உசுரோட இருக்கும்போதே என்னைப் பொணமாக்கிட்டியே!" என்றாள். கூட வந்த கருவாட்டுக்காரி, "எங்க கடைக் கருவாடு இதவிட லட்சணமா இருக்கும்" என்று சிரித்தாள். பாங் அம்மா சிரிக்கவில்லை.

மாதக் கடைசியில் முதியோர் சங்கமே வருவதாக இருந்தது. அவர்கள் வேறு ஸ்டுடியோவுக்குப் போனால் நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சியோலில் கடை பிடித்தபோதும் நீங்கள் என்னைக் கேட்கவில்லை.

ஓக்-நாம்

சியோல்
14 அக்டோபர்

கியோங்-ஆ அம்மாவுக்கு,

பார்சலில் மூன்று மங்கல் லென்ஸ்கள் அனுப்பியிருக்கிறேன். தெருவெல்லாம் அலைந்து பொறுக்கியவை. பக்கத்துக் கடைக்காரன், "என்னய்யா, நல்லதை விட்டுட்டு நொள்ளையாப் பாத்து வாங்குற?" என்றான். "உனக்கென்னய்யா, நொள்ளைக்குத்தான் இப்ப கிராக்கி" என்று சொல்லி வைத்தேன். எதுவும் சரிப்படாவிட்டால், லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு வைத்து அதில் முகக் களிம்பைத் தொட்டுத் தேய்த்துப் பார். கடையை மட்டும் பூட்டிவிடாதே.

பியோங்-மு

மோக்போ
23 அக்டோபர்

கியோங்-ஆ அப்பாவுக்கு,

ஒன்றில் அடுப்புப் புகை மாதிரி வருகிறது. மற்ற இரண்டிலும் முகமே கறுத்துப்போகிறது. களிம்பு தேய்த்ததில், முன்கூட்டி ஒரு படம் எடுத்துப் பார்க்க வந்த சங்கத் தலைவரின் மூக்குக்கண்ணாடியில் இரண்டு நிலா முளைத்தது. சங்கத்தார் பஸ் நிலையத்து ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள். இந்த வருஷத்தோடு பூட்டிவிட்டுப் பூசானில் நம் மகள் கியோங்-ஆவோடு போய் இருக்கப்போகிறேன்.

ஊருக்கெல்லாம் எடுத்தவள், என் ஆயுள் படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. முகம் பார்த்துப் பொத்தானை அழுத்த இன்னொரு ஆள் வேண்டுமே. இந்தப் பண்டிகைக்கு உங்களைக் கேட்கலாமென்று பட்டு ஹன்போக்கை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். நான் சந்தையிலிருந்து வந்தபோது நீங்கள் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். மறுநாள் விடியலிலேயே பஸ் ஏறிவிட்டீர்கள்.

ஓக்-நாம்

சியோல்
28 அக்டோபர்

கியோங்-ஆ அம்மாவுக்கு,

எந்த லென்ஸ் வந்தாலும் விளக்குக்கு நேரே பிடித்து, குறையைத் தேடி விலையை இறக்கியே கடை வளர்த்தவன் நான். அந்த லென்ஸ் வழியாக ஒரு தடவை உன்னைப் பார்த்திருந்தால் பஞ்சை எடுத்திருக்க மாட்டேன்.

நீ நினைத்த படம் இனி வராது. அதைக் கெடுத்தவன் நான். இருந்தாலும் நான் வந்து எடுக்கட்டுமா? கேமராவையும் எனக்கே கொடுத்துவிடு. நீ சொல்வதுதான் விலை; பேரம் பேசமாட்டேன்.

பியோங்-மு

மோக்போ
4 நவம்பர்

கியோங்-ஆ அப்பாவுக்கு,

வருகிற ஞாயிறு வாருங்கள். சுருக்கம் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

மங்கல் இருந்தால் உங்கள் கடையில் பாதி விலை. என் கடையில் மங்கல் போனதால் பாதி விலை: லென்ஸோடு கேமரா நாலு லட்சம் வோன். படம் எடுப்பதற்குக் கூலி ஒரு வேளைச் சோறு. சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும்.

ஓக்-நாம்